ஜன்னலோரம் படித்த இரட்டைச் சொற்கள்

பம்பாயில், கல்யாணில் புறப்பட்டு வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸில் போய் நிற்கும் விரைவு வண்டியின் பெண்கள் பெட்டியில்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். வி.டி.க்கு இப்போது வேறு பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அதற்கு முன்பு தாராவியில் ஏழாவது வரை தமிழில் படித்திருந்தேன். பிறகு படித்ததெல்லாம் கடைப் பலகையும் மருந்து அட்டையும் ரயில் விளம்பரமும்தான். புதிய சொல் ஒன்று கண்ணில் பட்டால் அதை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்காமல் நகர மாட்டேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

அப்படிப் படித்த இங்கிலீஷில் ஒரு கோளாறு உண்டு. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு சொற்கள் தாளில் வேறு வேறாக இருக்கும் என்பதும், ஒரே எழுத்து இடம் மாறினால் டெய்ரி என்ற பால் பண்ணை டைரி என்ற நாட்குறிப்பு ஆகிவிடும் என்பதும் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். எனக்கு அதைச் சொன்னவர்கள் மூன்று பெண்கள். சொல்லப்பட்டது எனக்காக அல்ல, அந்த மூவரில் ஒருத்திக்காக. நான் ஓரத்தில் உட்கார்ந்து ஓசியில் படித்தேன்.

எங்கள் குழு நாலு பேர். முதலில் மாமி. மாதுங்காவில் பிறந்து டோம்பிவிலியில் வாழ்க்கைப்பட்டவள், கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை. வி.டி.க்குப் போக வேண்டியவள் காலையில் எதிர்த்திசை வண்டி ஏறிக் கல்யாணுக்கு வருவாள். கல்யாணில் காலி வண்டி கிளம்பும்போதே ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். பம்பாயில் இப்படிப் பின்னால் போய் முன்னால் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "நான் தெனமும் டோம்பிவிலிய ரெண்டு தடவை பாக்கறேன். என் புருஷனைக்கூட அத்தனை தடவை பாக்கறதில்லை" என்பாள்.

அடுத்தவள் என் தோழி. மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பம். அவள் வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை இருந்தது. சிறுவயதில் அவளும் நானும் இரண்டு சந்து தள்ளித்தான் இருந்தோம், ஆனால் அறிமுகமானது இந்த வண்டியில். கப்பல் ஏஜெண்ட் ஒருவரின் அலுவலகத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, அக்கா. அம்பர்நாத்தில் வீடு. கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, முதுகு போய், வீட்டோடு இருந்தார். அக்கா கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பியூன். டீ வாங்குவது, ஃபைல் சுமப்பது, சாகேப் கூப்பிட்டால் ஓடுவது. ஊர்ப்பக்கத்துத் தமிழ் கொஞ்சமும் கலையாமல் அவள் பேசுவதைக் கேட்கவே நான் அவள் பக்கத்தில் இடம் பிடிப்பேன். கூட்டம் நெருக்கினால் "ஏட்டி, மூச்ச உள்ள இழு, ஒரு ஆளு நிக்கலாம்" என்பாள். யாராவது பவுடர் அதிகம் பூசி வந்தால் "இன்னைக்கு மாவு மில்லு தெறந்திருக்குல்லா" என்பாள். அவள் சொன்னதையெல்லாம் அலுவலகம் போனதும் ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.

நாலாவது நான். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பார்சல் மேல் முகவரி எழுதுகிற வேலை.

எங்கள் நாலு பேருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் கடைசி நிலையத்து ஆட்கள். வி.டி.யில் வண்டி நின்றுவிடும், எல்லோரும் இறங்குவார்கள், நாங்களும் புடவையை உதறிக்கொண்டு நிதானமாக இறங்குவோம். நடுவில் இறங்குகிறவர்கள் பாடு அப்படியல்ல. தாதரில் இறங்க வேண்டியவள் காட்கோபரிலேயே எழுந்து வாசலுக்குப் போகும் வரிசையில் சேர வேண்டும். முன்னால் நிற்பவளின் தோளைத் தட்டி "தாதர் உதர்னா?", தாதரில் இறங்கணுமா, என்று கேட்பாள். அவளும் தாதர் என்றால் பின்னால் நிற்பாள், இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்வாள். தாதருக்கு முந்தின குர்லா தாண்டிவிட்டால் அந்த வரிசை கல்லாகிவிடும், ஊசி நுழையாது. இந்த வித்தை எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் பதிமூன்று வருடமாக வரவில்லை.

அக்கா ஒருநாள் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து மாமியிடம் கொடுத்தாள். பியூனாக இருப்பவர்கள் கிளார்க் ஆவதற்கு அவர்கள் இலாகாவில் ஒரு பரீட்சை உண்டாம். கணக்கில் அக்கா தேறிவிட்டாள். இங்கிலீஷ் டிக்டேஷனில் இரண்டு தடவை தோற்றாள். மொத்தம் மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் ஓய்வு பெறும் வரை பியூன்.

"ஏண்டிம்மா, இதை இவ்வளவு நாளா சொல்லலை?" என்றாள் மாமி.

"ரெண்டு வாட்டி தோத்தத எங்க போயி சொல்லச் சொல்லுதிய? தலையாரி மாதிரி தண்டோரா போடவா?"

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். போன பரீட்சையின் விடைத்தாள் நகல். சிவப்புச் சுழிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சொற்களின் மேல்தான் இருந்தன. நகராமல் நிற்பதை எழுத வேண்டிய இடத்தில் பேனா பேப்பர். லூஸ் என்று தொலைப்பதை எழுத வேண்டிய இடத்தில் தொளதொளப்பு. பர்சனல் என்ற சொந்த விஷயத்துக்குப் பதில் பர்சனெல் என்ற அலுவலக ஊழியர்கள்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு யார் சொன்னா? எல்லாம் சரியா இருக்கு. இந்த இரட்டைப் பிள்ளைகள்தான் உன்னைப் படுத்தறது" என்றாள் மாமி. அன்றிலிருந்து எங்கள் பெட்டியில் அந்தச் சொற்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்றே பெயர்.

பாடம் மறுநாளே தொடங்கியது. தினமும் ஒரு ஜோடி. மாமி இலக்கணமாகச் சொல்லுவாள், அக்கா தலையைத் தலையை ஆட்டுவாள், தாணே வந்தால் மறந்திருக்கும்.

"ஸ்டேஷனரி. ரெண்டு இருக்கு. ஒண்ணு நகராம நிக்கறது, இன்னொண்ணு பேனா பேப்பர். கடைசியில ஏ எழுத்து வந்தா நிக்கறது. ஈ எழுத்து வந்தா பேப்பர்."

"அந்த ஏ எதுக்கு, ஈ எதுக்குங்கதுதான மாமி கொழம்புது."

அக்காவை லாத்தா என்று கூப்பிடும் என் தோழி கைப்பையை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தாள். "லாத்தா, இந்த வண்டி நடுவழியில நின்னுட்டா எல்லாரும் என்ன செய்யறாங்க? வாசல்ல நின்னு ஏ, ஏன்னு கத்தறாங்கள்ல? கத்தினா நகருதா?"

"எங்க நகருது!"

"அதான். ஏ போட்டுக் கத்தினாலும் நகராதது."

"அப்போ ஈ?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு பேப்பர் கடைக்காரர் இருக்காருன்னு சொன்னீங்கல்லக்கா? வியாபாரம் எப்படி?"

அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு பலகை அதிரச் சிரித்தாள். "ஈ ஓட்டுதான் பாவி! ஈதான் ஓட்டுதான்!"

அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் அவள் தவறவே இல்லை. எங்களுக்கும் வழி பிடிபட்டுவிட்டது. இலக்கணத்தை மாமி வைத்துக்கொள்ளட்டும், கதையை நாங்கள் கட்டுவோம் என்று ஆனது. தொலைப்பதற்கு ஓ எழுத்து ஒன்று, தொளதொளப்புக்கு இரண்டு. "என் நாத்தனா தச்சுக் குடுத்த ஜாக்கெட்டுல ரெண்டு பேரு நுழையலாம், அதான் ரெண்டு ஓ" என்று அக்காவே கட்டினாள். நாட்குறிப்பில் ஐ முதலில் வரும், ஏனென்றால் அதில் நான்தான் முதலில். பால் பண்ணையில் ஏ முதலில் வரும், ஏனென்றால் பால்காரனை ஏய் என்று கூப்பிட்டால்தான் நிற்பான். சொந்த விஷயத்துக்கு ஒரு என் போதும். அலுவலகத்தில் ஆள் கூட்டம், ஆகவே இரண்டு.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. எதிரே நிற்கிற பெண்களும் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத ஒரு மராத்திக்காரி, தினமும் நின்றுகொண்டே வெண்டைக்காய் நறுக்குவாள், "ஆஜ் கா ஜோடி கௌன்ஸா?" என்று இன்றைய ஜோடி எது எனக் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். யாருக்குப் பாடம் என்பதே மறந்து பெட்டி முழுக்கப் பாடம் நடந்தது. எனக்கு அந்த நாட்களைப் போல இன்னொரு பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. மதிப்பெண் இல்லை, மணி இல்லை, தப்பாகச் சொன்னால் ஒரு கொய்யாத்துண்டு அபராதம். அதையும் சொன்னவளே தின்றுவிடுவாள்.

பரீட்சை மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்று தாள் வந்தது. பத்தரைக்கு டிக்டேஷன். பத்தேகாலுக்குக் கதவை அடைத்துவிடுவார்கள்.

அக்கா முந்தின வண்டியில் போய்விடுவதாகத்தான் சொன்னாள். தடுத்தது நாங்கள்.

"அந்த வண்டியில உனக்கு யாரைத் தெரியும்? நின்னுண்டே போய் கால் வலியோட எழுதுவியா? நம்ம வண்டி மாதுங்காவுல நிக்காது, ஆனா கதவடைக்க முக்கா மணி முன்னாடியே தாதர் போயிடும். அங்க இறங்கி எதிர் வண்டி பிடிச்சா ஒரே ஸ்டேஷன், மாதுங்கா. நான் பொறந்து வளர்ந்த இடம், எனக்குத் தெரியாதா?" என்றாள் மாமி.

"வழியெல்லாம் ஒருவாட்டி திருப்பிப் பாத்துக்கலாம் லாத்தா" என்றாள் தோழி.

நானும் ஆமாம் போட்டேன்.

அன்று காலை அக்கா மாம்பழ நிறப் புடவை கட்டி வந்தாள். காலில் புதுச் செருப்பு. பரீட்சை அட்டையில் இரண்டு பேனா செருகியிருந்தது. வழக்கமாக ஜன்னலோரம் மாமியுடையது. பதிமூன்று வருடத்தில் வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று மாமி எழுந்து நின்று அக்காவின் தோளைப் பிடித்து அங்கே உட்கார வைத்தாள்.

"மாமி, வேண்டாம் மாமி."

"பேசாதே. காத்தாடப் படி. மண்டை சூடாகப்படாது."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமி, அப்புறம் நான், பலகையின் நுனியில் நாலாவதாக என் தோழி. எங்களுக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே, முழங்காலுக்கு முழங்கால், நிற்பவர்கள். தாணேயில் கூட்டம் ஏறியதும் வாசல் கண்ணில் படவில்லை.

நாங்கள் ஜோடி ஜோடியாகக் கேட்டோம், அக்கா ஜோடி ஜோடியாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வெண்டைக்காய்க்காரி நறுக்குவதை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். காட்கோபர் வந்தது, போனது. பெட்டிக்குள் வழக்கமான குரல்கள் கிளம்பின. தாதர் உதர்னா? தாதர்? முன்னால் போ, பையை இழு. அந்தச் சத்தம் எங்களுக்குப் பதிமூன்று வருடப் பழக்கம். மழைச் சத்தம் மாதிரி. நமக்கென்று அதில் ஒன்றும் இருக்காது.

கடைசி ஜோடி என்னுடையது. முந்தின இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அக்செப்ட் என்றால் ஏற்றுக்கொள்வது, எக்செப்ட் என்றால் தவிர. சொல்லும்போது காதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும்.

"அக்கா, ஏ எழுத்துல ஆரம்பிச்சா, ஏ இந்தா வாங்கிக்கோன்னு நீட்டுறோம். வாங்கிக்கிட்டாச்சு. இன்னொண்ணுல எக்ஸ் வருது. எக்ஸ்னா பெருக்கல் குறி. யாரையோ அடிச்சுத் தள்ளியாச்சு. அவங்களைத் தவிர மத்த எல்லாரும்."

"ரெண்டையும் போட்டு ஒரு வாக்கியம் சொல்லு பாக்கலாம்" என்றாள் மாமி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. பிறகு இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். சாகேப் எல்லா டீயையும் ஏற்றுக்கொண்டார், நான் போட்டதைத் தவிர.

மாமி கைதட்டினாள். தோழி அக்காவின் முழங்காலில் அடித்துச் சிரித்தாள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் வண்டி தாதரில் நின்றது.

"தாதர்!" என்று முதலில் கத்தியது அந்த மராத்திக்காரிதான்.

அக்கா எழுந்தாள். மாமி எழுந்தாள். நான் எழுந்து, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எங்கள் முன்னால் நின்ற யாரும் தாதரில் இறங்குகிறவர்கள் இல்லை. இறங்க வேண்டியவர்கள் எப்போதோ வாசலுக்குப் போய்விட்டார்கள். "உதர்னா ஹை! பரீட்சை!" என்று தோழி எல்லா மொழியிலும் கத்தினாள். அக்கா பரீட்சை அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அதற்குள் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து அவளை மறுபடி பலகையிலேயே உட்கார வைத்தது. யாரோ ஒருத்தி, கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக, "மௌசி, தாதர்னா குர்லாவுலயே எழுந்திருக்கணும், தெரியாதா?" என்று இந்தியில் கேட்டாள். வண்டி நகர்ந்தது.

அடுத்து வண்டி நின்ற பைகுல்லாவில் நாலு பேரும் இறங்கினோம். அன்றைக்கு அலுவலகம் யாருக்கும் நினைவில் இல்லை. மேம்பாலம் ஏறி அடுத்த நடைமேடைக்கு ஓடினோம். மாமிக்கு மூட்டு வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "நீங்க ஓடுங்கோ, நான் வரேன்" என்றாள். எதிர் வண்டி வரத் தாமதமாயிற்று, அதற்குள் மாமியும் வந்து சேர்ந்துவிட்டாள். வந்தபோது எல்லா நிலையத்திலும் நின்று நின்று போயிற்று. அக்கா புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

மாதுங்காவில் பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது காவலாளி கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். பத்து இருபத்தைந்து. மாமி தனக்குத் தெரிந்த மராத்தியெல்லாம் பேசிக் கெஞ்சினாள். அவர் நல்ல மனிதர். முற்றம் வரை விட்டார். தேர்வு அறைக் கதவைத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. உள்ளே போய்க் கேட்டு வந்து கையை விரித்தார்.

அறை தரைத்தளத்தில்தான். வெக்கைக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ஆண்குரல் டிக்டேஷனைத் தொடங்கியது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி.

அக்கா செருப்பைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே, படியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

நாங்கள் மூவரும் ஏதோ தொழுகைக்கு நிற்பது போல நின்றோம். காவலாளி தன் முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே அந்தக் குரல் அலுவலகத்துக்கு எழுதுபொருள் வாங்குவது பற்றி ஏதோ வாசித்தது. என் தோழி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அக்கா எழுதிக்கொண்டே போனாள். கடைசி வாக்கியம் வந்ததும் ஒரு முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு, தாளை மாமியிடம் நீட்டினாள்.

மாமி மாதுங்கா நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திருத்தினாள். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். ஒரே பிழை. கமிட்டி என்பதில் ஒரு டி விட்டுப் போயிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

"பாஸ்டி, நீ பாஸ்" என்று சொல்லிவிட்டு மாமி அழுதாள்.

"அழாதிய மாமி. பாஸானவ நானு. நீங்க ஏன் அழுதிய?" என்றாள் அக்கா. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

வராததும் ஒரு வாய்ப்பாகக் கணக்கில் சேரும் என்று அவள் இலாகாவில் சொல்லிவிட்டார்கள். மாமி ஒரு யோசனை சொன்னாள். ரயில் தாமதமானால் நிலைய அதிகாரி ஒரு சீட்டுக் கொடுப்பார், பம்பாயில் அதைக் காட்டினால் அலுவலகத்தில் ஒப்புக்கொள்வார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தச் சீட்டு வாங்கிவிடலாம் என்றாள். அக்கா கேட்டுக்கொண்டு, "வண்டி நேரத்துக்குத்தான மாமி வந்துச்சு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மனு ஒன்று எழுதிக் கொடுத்தாள், தன் கையாலேயே, இங்கிலீஷில். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அக்கா எங்கள் பெட்டிக்கு வரவில்லை. ஜன்னலோரத்தில் மாமி உட்காரவில்லை, நாங்களும் உட்காரவில்லை. யாரோ தெரியாத ஒருத்தி உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவாள். வெண்டைக்காய்க்காரி ஒன்றும் கேட்காமல் நறுக்கினாள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வந்தாள். டப்பா நிறைய அதிரசம். கல்யாணம், பிறந்தநாள், நீண்ட விடுப்பு எதுவானாலும் திரும்பி வருகிறவள் தின்பண்டம் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வண்டியின் சட்டம். "என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கிய? எடத்த விடுங்க" என்று நடுவில் வந்து அமர்ந்தாள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அன்று முதல் பழையபடி சிரித்தோம், அடுத்த பெட்டிச் சண்டையை எட்டிப் பார்த்தோம். பாடம் மட்டும் நின்றுபோயிற்று. நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை, தொடங்குவோம் என்றும் சொல்லவில்லை.

அக்கா பியூனாகவே ஓய்வு பெற்றாள். பெருந்தொற்று வந்து ரயில் நின்றபோது எங்கள் குழுவும் கலைந்தது. மாமி செம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தோழி இப்போது வீட்டிலிருந்தே பில் அடிக்கிறாள். நான் இன்னும் அதே வண்டிதான், வேறு முகங்கள்.

இத்தனை வருடம் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று குர்லாவை நான் பார்த்தேன். கடைசி ஜோடியைச் சொல்லத் தொடங்கியபோது, நிற்பவர்களின் கைகளுக்கு இடையே, மஞ்சள் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். அடுத்தது தாதர் என்று மனதில் ஓடியது. எழுந்திருக்க வேண்டும் என்றும் ஓடியது. ஆனால் என் கதை பாதியில் இருந்தது. முந்தின இரவெல்லாம் கட்டிய கதை. பாடம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நான் உட்கார்ந்தது அந்த ஒருநாள்தான். இதை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன்.

போன மாதம் அம்பர்நாத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அதைச் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை.

"நானும் பாத்தேன்லா" என்றாள்.

"எதை?"

"குர்லாவத்தான். நான் ஜன்னல்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? நடைமேடையில ஒரு பொம்பள பிள்ளைக்கு சட்ட மாட்டிக்கிட்டு நின்னா. அது கைய நீட்ட மாட்டேங்குது, இவ அடிக்கா. எல்லாம் பாத்தேன்."

"பின்ன ஏன்க்கா எழுந்திருக்கல?"

அக்கா ஒரு முற்றின தண்டை ஒடித்துக் குப்பையில் போட்டாள்.

"யாராச்சும் எந்திரின்னு சொல்லுவியன்னு உக்காந்திருந்தேன். வேலைக்குச் சேந்த நாளுலேருந்து சொன்னா எந்திரிப்பேன், சொன்னா உக்காருவேன். கிளார்க்குப் பரீச்சைக்குப் போறவளுக்கு அது ஆவுமா? நீயே சொல்லு." பிறகு, "அதுபோக, உன் கதை நல்லாருந்துச்சு. முடிவு தெரியாம எப்படி எந்திரிக்க?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்தினாள்.

"மாமிதான் பாவம். போன் பண்ணும்போதெல்லாம் அந்த ஜன்னல் சீட்ட ஏன் குடுத்தேன், ஏன் குடுத்தேன்னு பொலம்புதா. உங்க தப்பில்லன்னு நான் சொன்னா சும்மா சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நெனச்சுக்கிடுதா. நீ நேருல போயி சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"ரெண்டையும் சொல்லு. நீ பாத்ததையும் சொல்லு, நான் பாத்ததையும் சொல்லு."

இந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூர் போகிறேன். தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.